உடையார்கட்டில் ஓர் இலையுதிர்காலம்

உடையார்கட்டுக்கு இலையுதிர்காலம் ஒரேயொரு முறைதான் வந்தது. அது 1998ஆம் ஆண்டு ஆடி மாதம். சரியான நாள் என்னிடம் இல்லை. எதற்கும் நாள் குறித்து வைக்கும் வழக்கம் எனக்குப் பிற்பாடுதான் ஏற்பட்டது. அப்போது எனக்குப் பத்து வயது. ஆனால் ஆடிப்பிறப்புக்குக் கூழ் காய்ச்சிய பானை, கழுவிக் கவிழ்த்தபடி வேலியோரம் காய்ந்துகொண்டிருந்தது நினைவிருக்கிறது. ஆகவே ஆடி இரண்டாம் நாளாகவோ மூன்றாம் நாளாகவோ இருக்கவேண்டும். அதற்குமேல் தள்ள முடியாது. அந்தப் பானையை அம்மா அதிக நாள் வெளியே விட்டுவைக்க மாட்டார்.

அந்தக் காலம் வந்தது ஊரில் வேறு எவருக்கும் தெரியாது. பாலை மரங்களும் வீரை மரங்களும் தம் பாட்டில் பச்சையாக நின்றன. எங்கள் வளவில், தண்ணீர்க்குடம் வைத்த மேடைக்குப் பக்கத்தில், மீனுக்கு ஐஸ் போடும் உடைந்த வெள்ளை றெஜிபோம் நுரைப்பெட்டி ஒன்றுக்குள் என் ஒரு சாண் உயரத்தில் ஒரு மரம் நின்றது. இலையுதிர்காலம் அதற்கு மட்டும் வந்தது.

அப்பா கனடாவுக்குப் போனது 1993 மாசியில். எனக்கு ஐந்து வயது நிரம்பியிருக்கவில்லை. அவருடைய முகம் எனக்குக் கிளிநொச்சி வீட்டு அலுமாரிக்கு மேலே இருந்த படத்திலிருந்துதான் தெரியும். 1996இல் எல்லோரையும் போல நாங்களும் கிளிநொச்சியை விட்டு வெளிக்கிட்டபோது அந்தப் படம் எங்களோடு வந்தது, அலுமாரி வரவில்லை. உடையார்கட்டில் பெரியம்மாவின் வீட்டில் வந்து ஒதுங்கினோம். பெரியம்மா அம்மாவின் தமக்கை. பக்கத்துக் கிளினிக்கில் பிரசவம் பார்க்கும் மிட்வைவ். கலியாணம் செய்யாதவர். கைக்குழந்தைகளைத் தவிர மற்ற எல்லோரிடமும் அவருக்குப் பொறுமை குறைவு.

அந்த வீட்டில் மூன்று நேரங்கள் இருந்தன. கொழும்பில் மணிக்கூட்டை முன்னுக்குத் தள்ளிய பிறகும் வன்னியில் பழைய நேரமே நடந்தது. பெரியம்மாவின் சுவர் மணிக்கூடு பழைய நேரம். வானொலி புதிய நேரம். அம்மா இரண்டையும் சட்டை செய்யாமல் மூன்றாவதாக ஒன்றை வைத்திருந்தார். மத்தியானச் சோற்றுக்கு உலை வைக்கும்போது, "இப்பதான் வேலையால வந்து படுத்திருப்பார்" என்று அடுப்பிடம் சொல்வார்.

1997 பங்குனியில் வந்த கடிதத்தில் ஒரு புகைப்படம் இருந்தது. வாரநாட்களில் உணவகத்தின் குசினியிலும், ஞாயிற்றுக்கிழமைகளில் வயதான யப்பானியப் பெண்மணி ஒருவரின் தோட்டத்திலும் வேலை செய்வதாக அப்பா எழுதியிருந்தார். "யப்பான் அம்மா" என்றுதான் அவரைக் குறிப்பிடுவார். வீட்டுக்குப் பின்னால் பாய் விரித்த அளவு நிலம்; அதற்குள் குள்ள மேப்பிள் மரங்கள். முப்பது வயதாகியும் இடுப்புக்குமேல் வளராத சாதியாம். படத்தில் அப்பா தடித்த கோட்டுடன் முழங்காலில் நின்று, சிவந்த இலைகள் கொட்டிக்கொண்டிருந்த ஒரு சிறு மரத்தைச் சுற்றிச் சாக்குக் கட்டிக்கொண்டிருந்தார். பனி அதன் கொப்புகளைக் கருக்கிவிடாமல் இருக்கவாம். எனக்கு அது வேறு மாதிரித் தெரிந்தது. அவர் அந்த மரத்துக்குச் சட்டை போட்டுக்கொண்டிருந்தார். எனக்கு அவர் சட்டை போட்டுவிட்டதாக ஒரு நினைவும் இல்லை.

அம்மா எழுதும் ஒவ்வொரு கடிதத்தின் அடியிலும் நான் ஒரு வரி எழுதுவேன். எப்போதும் ஒரே வரி: அப்பா, எப்ப வருவீங்கள்? அப்பா அதற்கு எதையாவது சொல்லித் தட்டிக்கழிப்பார். நன்றாகப் படிக்கச் சொல்வார், அம்மாவைக் குழப்பவேண்டாம் என்பார். இந்தமுறை பதில் இருந்தது. "நான் வந்தால் இந்த மரத்தை ஆர் பாக்கிறது மகள்? இதுக்கு என்னை விட்டால் ஆளில்லை."

வளர்ந்தவர்கள் இதைப் பகிடி என்று உடனே கண்டுகொள்வார்கள். சொல்ல வேறு ஒன்றும் இல்லாதவரின் பகிடி. எனக்கோ பெரிய ஆறுதல். அதுவரை அம்மாவிடம் கேட்டால் விசா, கேஸ், நாட்டு நிலைமை என்று சொற்கள் வரும். அவற்றை வைத்துக்கொண்டு ஒரு பிள்ளை என்ன செய்யமுடியும்? மரம் என்றால் ஏதாவது செய்யலாம். அப்பாவைப் பிடித்துவைத்திருப்பது அந்த மரம். அந்த மரம் இங்கே வந்துவிட்டால் அவருக்கு அங்கே என்ன வேலை?

அடுத்த கடிதத்தில் என் வரியை மாற்றினேன். மரத்தை இஞ்ச கொண்டு வாங்கோ, நாங்கள் எல்லாரும் சேந்து பாப்பம்.

மரத்தைக் கொண்டுவர முடியாது. ஆனால் 1997 ஐப்பசியில், கொழும்பிலிருந்து வவுனியா வழியாக வந்த உறவினர் ஒருவர் ஒரு தடித்த கடித உறையைக் கொண்டுவந்து கொடுத்தார். இராணுவச் சாவடிகளைத் தாண்டிச் சவுக்காரமும் பற்றரியும் கொண்டுவரப் படாத பாடு படவேண்டிய பாதை அது. "உறையைப் பிரிச்சுப் பாத்திட்டு, உது என்னெண்டு கேட்டவங்கள்" என்றார் அவர். "எனக்கே தெரியாது. தும்பியின்ர செட்டை எண்டு சொன்னன். விட்டிட்டாங்கள்."

உண்மையில் தும்பிச் சிறகைப் போலத்தான் இருந்தது. இரண்டிரண்டாக ஒட்டிய மெல்லிய செட்டைகள். அவை சேரும் இடத்தில் மிளகை விடச் சற்றுப் பெரிய விதை. யப்பான் அம்மா கொடுத்தாராம். கூடவே அப்பாவின் குறிப்பு. "இது ஒட்டுக்கண்டில வந்த விதை. முளைச்சு வாறது தாயைப்போல குள்ளமா நிக்குமோ தெரியாது, எங்கட ஒட்டு மாங்காயின்ர கதைதான். ஈர மணலோட ஒரு போத்தலில போட்டு மூண்டு மாதம் பிறிட்ஜில வையுங்கோ. குளிரில கிடந்தால்தான் விதை கண் திறக்கும்."

அம்மா இதை உரத்து வாசித்தார். வாசித்துவிட்டுச் சிரித்தார். பிறகு, "பிறிட்ஜில வையுங்கோ" என்று இன்னொரு தடவை, சிரிக்காமல் வாசித்தார்.

கிளிநொச்சி வீட்டில் எங்களுக்குக் குளிர்சாதனப் பெட்டி இருந்தது உண்மைதான். 1990இல் மின்சாரம் நின்ற நாளிலிருந்து அம்மா அதில் புத்தகங்களும் பழைய சேலைகளும் அடுக்கிவைத்திருந்தார். அது அப்பாவுக்கும் தெரியும். புறப்படுவதற்கு முன் மூன்று ஆண்டுகள் அவரும் அந்தப் பெட்டியிலிருந்துதான் தம் சாரத்தை எடுத்துக் கட்டினார்.

"அக்கா" என்றார் அம்மா, "இஞ்ச கரண்ட் இல்லையெண்டதே அவருக்கு மறந்துபோச்சு."

"நாலு வருசமடி. சுவிச்சைப் போட்டால் எரியிற ஊரில இருக்கிற மனிசனுக்கு உதெல்லாம் நினைவிருக்குமே" என்றார் பெரியம்மா.

"எங்களையும் இனி மெல்ல மெல்ல..." என்று தொடங்கிய அம்மா என்னைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். உறையை மடித்து வைத்தார். பிறகு, "உங்கட கிளினிக்கில பிறிட்ஜ் இருக்கெல்லோ" என்றார்.

இருந்தது. மண்ணெண்ணெயில் எரியும் பெட்டி. ஊருக்கே அது ஒன்றுதான் குளிர். பிள்ளைகளுக்கான தடுப்பூசி மருந்துகளும் போலியோச் சொட்டும் அதற்குள் இருந்தன. அந்தப் பெட்டியைப் பற்றிப் பெரியம்மா பேசும்போது கோயிலைப் பற்றிப் பேசுவது போலிருக்கும்.

"உனக்கென்ன விசரே? அது வக்சீன் வைக்கிற பெட்டி. அப்போதிக்கரி ஐயா தன்ர தண்ணிப் போத்தலையே வைக்கிறேல்ல."

"கீழ்த்தட்டில தண்ணிப் போத்தல் அடுக்கி வச்சிருக்கெண்டு நீங்கள்தானே சொன்னீங்கள்."

"அது குளிர் போகாமல் பிடிச்சு வைக்கிறதுக்கு. குடிக்கிறதுக்கில்லை."

"உதுவும் குடிக்கிறதுக்கில்லையே."

பெரியம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். அம்மா கெஞ்சவில்லை. குரலை உயர்த்தவும் இல்லை. "பிறிட்ஜ் இல்லை, அதால விதை முளைக்கேல்ல எண்டு நான் அந்த மனிசனுக்கு எழுதமாட்டன், அக்கா" என்று மட்டும் சொன்னார்.

மறுநாள் பெரியம்மா வெறுமையான பெனிசிலின் போத்தல் ஒன்றை, சுடுநீரில் கழுவி, றப்பர் மூடியோடு கொண்டுவந்து கொடுத்தார். குளத்து மணலை அரித்து, வறுத்து, நனைத்து அதற்குள் போட்டோம். செட்டைகளை நான் முறித்தெடுத்தேன். விதைகள் மணலுக்குள் போயின. செட்டைகளை நெடுநாள் புத்தகத்துக்குள் வைத்திருந்தேன். எந்த இடப்பெயர்வில் போயினவோ தெரியவில்லை.

கிளினிக்கில் வருத்தம் பார்த்து மருந்து எழுதும் அப்போதிக்கரி ஐயாவின் கண்ணில் அது படாமலிருக்குமா? இரண்டாம் கிளினிக் நாளே பட்டுவிட்டது. போத்தலை வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பார்த்தாராம்.

"மிஸி, இதென்ன, மண்ணுக்கும் தடுப்பூசி வந்திட்டுதோ?"

பெரியம்மாவுக்குப் பொய் வராது. "ஐயா, அது கனடாப் பிள்ளை ஒண்டு. மூண்டு மாசம் குளிரில படுக்கவேணுமாம். பிறகு எழும்புமாம்."

அவர் ஒரு துண்டுப் பிளாஸ்ரர் கிழித்து, போத்தலில் ஒட்டி, 'வெளியில் எடுக்கவேண்டாம்' என்று எழுதித் திரும்ப வைத்தாராம். அன்றிலிருந்து ஒவ்வொரு கிளினிக் நாளும் முதற் கேள்வி, "கனடாப் பிள்ளைக்குச் சுகமோ?" என்பதுதான். பெரியம்மா இதை வீட்டில் வந்து நடித்துக் காட்டுவார். பெரியம்மா நடித்துக் காட்டிய ஒரே விடயம் அதுதான்.

மார்கழி மழையில் பாதைகள் அறுந்து ஒரு வாரம் மண்ணெண்ணெய் வரவில்லை. கிளினிக்கில் இருந்தது முடியும் கட்டம். அம்மா எங்கள் விளக்குக்கென்று வைத்திருந்த போத்தலைப் பெரியம்மாவின் கைப்பைக்குள் வைத்தார். "வக்சீனுக்கு" என்றார். பெரியம்மா, "ஓமோம், வக்சீனுக்கு" என்றார். அந்த வாரம் பொழுது படுமுன் சாப்பிட்டு, இருட்டில் கதைத்துக்கொண்டு கிடந்தோம். அம்மா அப்பாவைப் பற்றி அவ்வளவு கதைத்தது அந்த வாரத்தில்தான். அவர் சைக்கிள் ஓடும்போது கைப்பிடியை விட்டுவிட்டுச் சீப்பெடுத்துத் தலை இழுப்பாராம். அதைக் கேட்டுச் சிரித்தபடி உறங்கினேன்.

1998 மாசியில் போத்தல் வீட்டுக்கு வந்தது. விதைகளைப் பால்மாப் பேணியில் நட்டோம். பெரும்பாலானவை அழுகின. ஒன்று மட்டும், பங்குனி நடுவில், மண்ணைத் தலையால் முட்டிக்கொண்டு எழுந்தது. அம்மா அதை முதலில் பார்த்தார். என்னைக் கூப்பிடவில்லை. நான் எழும்பி வந்தபோது பேணிக்கு முன்னால் குந்தியிருந்தார். எத்தனை நேரம் அப்படி இருந்தாரோ தெரியாது. அடுப்பில் தேத்தண்ணீருக்கு வைத்த தண்ணீர் வற்றியிருந்தது.

சித்திரையில் இலைகள் விரல் விரலாக விரிந்தன. அப்போதுதான் சிக்கல் தொடங்கியது. வன்னியில் விரல் பிரிந்த இலையோடு ஒரு செடி உண்டு. அதைத் தின்றுதான் நாங்கள் எல்லோரும் அந்த ஆண்டுகளைக் கடந்தோம். பார்த்தவர்கள் எல்லோரும் அதையே சொன்னார்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து சைக்கிளில் மீன் கொண்டுவரும் மீன்காரர், கழுத்தில் மாதா பதக்கம் ஆட, குனிந்து பார்த்துவிட்டுக் கேட்டார்.

"பிள்ளை, மரவள்ளிக்கு ஏன் குடை பிடிச்சுக்கொண்டு நிக்கிறாய்? தடியை முறிச்சு ஊண்டினால் தன்பாட்டில வருமெல்லோ."

"இது மரவள்ளி இல்லை. யப்பான் மரம்."

"யப்பானில இருந்தோ வந்தது?"

"இல்லை, கனடாவில இருந்து."

"யப்பானில இருந்து கனடா, கனடாவில இருந்து உடையார்கட்டு. அப்ப உதுவும் எங்களைப்போல இடம்பெயர்ந்ததுதான். நிவாரணத்துக்குப் பதிஞ்சாச்சோ?"

நான் அழுகிற நிலைக்கு வந்துவிட்டேன். அவருக்கே ஒரு மாதிரியாகிவிட்டது போலும். அடுத்த நாள் மூலை உடைந்த றெஜிபோம் பெட்டி ஒன்றைச் சைக்கிள் கரியரில் கட்டிக் கொண்டுவந்தார். "ஐஸ் இல்லாத காலத்தில எனக்கு இது வெறும் பாரம். இதுக்குள்ள பேணியை இறக்கி வை. வேருக்குச் சூடு ஏறாது" என்றார். மீன்மணம் போகப் பெட்டியை மூன்று முறை சாம்பல் போட்டுத் தேய்த்தேன். தண்ணீர்க்குடத்திலிருந்து சொட்டும் துளி படும் தூரத்தில் அதை வைத்தோம்.

வைகாசியில் பெரியம்மாவும் நானும் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்குப் போனோம். அம்மா மட்டும் போகவில்லை. கேட்டால், மரத்துக்குத் தண்ணி ஆர் விடுறது என்றார். அப்பாவும் இதையே சொன்னார் என்று எனக்கு அப்போது தோன்றியது. சந்தோசமாக இருந்தது.

பிறகு கச்சான் காற்று. அந்தக் காற்றை அனுபவித்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மேற்கிலிருந்து, அடுப்பு வாயைத் திறந்து வைத்தது போல, பகல் முழுவதும் வீசும். கொடியில் போட்ட துணி பிழிந்த கை காயுமுன் காய்ந்துவிடும். நான் மரத்தைச் சுற்றித் தென்னோலைக் கிடுகு சாத்தினேன். ஈரச்சாக்குக் கட்டினேன். படத்தில் அப்பா கட்டிய முடிச்சைப் பார்த்து அதேபோல் கட்டினேன்.

ஆடிப்பிறப்புக்கு ஓரிரு நாள் கழித்துத்தான் சாக்கை அவிழ்த்துப் பார்த்தபோது இலைகளின் விளிம்பு சிவந்திருப்பதைக் கண்டேன். நுனி விரல்களில் கபிலம். உள்ளே வரவர ஒரு செம்பு நிறம். நடுநரம்பில் மட்டும் கொஞ்சம் பச்சை. படத்தில் இருந்த சிவப்பு அல்ல. ஆனால் படமே பழையது, நிறம் மங்கியிருக்கும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

"அம்மா! மாறீட்டுது! ஓடி வாங்கோ, இலை மாறீட்டுது!"

அம்மா ஓடிவந்தார். மாவு கையோடு குனிந்தார். நான் அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதில் நான் எதிர்பார்த்தது வரக் கொஞ்சம் நேரம் எடுத்தது. ஆனால் வந்தது. "ஓம் பிள்ளை" என்றார். "நல்ல சிவப்பு."

பெரியம்மா வந்து பார்த்துவிட்டு, "ம்" என்றார். அவரிடம் அதற்குமேல் யாரும் எதிர்பார்ப்பதில்லை.

மீன்காரரைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்து காட்டினேன். மரவள்ளி சிவக்குமா, இப்ப சொல்லுங்கோ என்று கேட்டேன். அவர் ஓர் இலையை விரலால் தொட்டார். அது அப்பளம் போல நொறுங்கியது.

"அக்கா, இது கச்சானுக்கு..." என்று தொடங்கினார்.

"அண்ணை, இண்டைக்கு என்ன மீன்?" என்று அம்மா கேட்டார்.

மீன் எங்கள் எல்லோர் கண்ணிலும் படும்படி சைக்கிளிலேயே இருந்தது. அவர் அம்மாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். "ஓம் பிள்ளை" என்றார் அவரும். "உது மரவள்ளி இல்லைத்தான். நான் பிழையாச் சொல்லிப்போட்டன்." அன்று அவர் இரண்டு மீன் கூடப் போட்டுவிட்டுப் போனார்.

ஆடி முடியுமுன் இலைகள் எல்லாம் விழுந்துவிட்டன. ஒரு மெல்லிய தடி மட்டும் நின்றது. பனிக்கால மரம் இப்படித்தான் மொட்டையாக நிற்கும் என்று அப்பா எழுதியிருந்ததால் எனக்குக் கவலை இல்லை. ஒரு நாள் மட்டும் பயந்தேன். தடியின் நடுவில் நீளமாக ஒரு கீறல். தோல் உரிந்து உள்ளே வைக்கோல் நிறமாக இருந்தது. அணில் கடித்திருக்கிறது என்று முடிவுசெய்தேன். என் பழைய பள்ளிச்சட்டையின் ஓரத்தைக் கிழித்து அந்த இடத்தில் கட்டுப் போட்டேன். பெரியம்மா காயம் கட்டுவதைப் பார்த்துப் பழகியவளுக்கு அது பெரிய வேலையல்ல. அம்மா அந்தக் கட்டைப் பார்த்தார். கையைத் தம் சேலையில் துடைத்துக்கொண்டார். அவிழ்க்கவில்லை.

பள்ளி திறந்த பிறகு அம்மா அப்பாவுக்குக் கடிதம் எழுதினார். மரத்தின் இலைகள் ஆடியில் நிறம் மாறி உதிர்ந்துவிட்டன, பிள்ளைக்குச் சரியான புளுகம், சந்தோசம் தாங்கேல்ல என்று எழுதினார். நான் என் வரியை எழுதினேன். அப்பா, மரம் இஞ்ச நல்லா நிக்குது, இனி நீங்கள் வரலாம். கடிதத்தைப் பள்ளிக்குப் போகும் வழியில் நானே தபாலில் சேர்த்தேன்.

பதில் மார்கழியில் வந்தது. அம்மா முற்றத்தில் நின்றே உறையைப் பிரித்து வாசித்தார். "இலை நிறம் மாறி உதிர்ந்தது நல்ல அறிகுறி. சுகமான மரம்தான் அப்பிடிச் செய்யும். இனிக் கொஞ்சக் காலம் வெறுந்தடியாத்தான் நிக்கும். பாக்கிறவைக்குப் பட்டுப்போனது மாதிரித்தான் தெரியும். நீங்கள் அதை நம்பாதேங்கோ. வேரில ஈரம் காயவிடாதேங்கோ. நான் சொல்லுறது விளங்குதுதானே."

"அவ்வளவுதானோ?" என்று கேட்டேன். "வாறது பற்றி?"

"மரம் துளிர்க்கட்டுமாம்" என்றார் அம்மா. அப்படி அந்தக் கடிதத்தில் எழுதியிருந்ததா என்று நான் எட்டிப் பார்க்கவில்லை. அவர் அதை அதற்குள் மடித்துச் சட்டைக்குள் வைத்துவிட்டார்.

அப்பா வரவில்லை. நானும் அம்மாவும்தான் போனோம், 2003ஆம் ஆண்டு ஆடியில், ரொறன்ரோவுக்கு. யப்பான் அம்மா அதற்குள் காலமாகிவிட்டார்; வீடு கைமாறியிருந்தது. விமான நிலையத்தில் நாங்கள் மூவரும் ஒருவருக்கொருவர் மிகவும் மரியாதையாக நடந்துகொண்டோம். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அப்பா எங்களை அந்தத் தெருவுக்குக் கூட்டிச் சென்றார். வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தோம்.

"உதுதான்" என்றார்.

நான் அவ்வளவு பொறாமைப்பட்ட மரம் என் இடுப்பளவு இருந்தது. ஆடி மாதம். நல்ல வெயில். ஓர் இலைகூடச் சிவக்கவில்லை. அடியிலிருந்து நுனிவரை பச்சைப் பசேலென்று நின்றது.

"ஐப்பசியிலதான் சிவக்கும்" என்றார் அப்பா. நாங்கள் யாரும் கேட்கவில்லை. அம்மா மரத்தைப் பார்க்கவில்லை. வேலியைப் பிடித்திருந்த அப்பாவின் கைகளைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

அன்று வீட்டுக்கு வந்து, என் வழக்கப்படி, எல்லாவற்றையும் மாத வரிசையில் அடுக்கிப் பார்த்தேன். ஆடியில் சிவந்து உதிர்ந்தது என்று நாங்கள் எழுதிய கடிதத்தை அப்பா வாசித்திருக்கிறார். ஆடியில் அந்த மரம் எந்த நிறம் என்று ஆண்டுதோறும் பார்த்தவர் அவர். அப்படியிருந்தும், வேரில ஈரம் காயவிடாதேங்கோ என்றுதான் எழுதினார். பிறகு அந்தக் கட்டு. பள்ளிச்சட்டையைக் கிழித்தது ஓகஸ்ட் விடுமுறையில். கடிதம் எழுதியது பள்ளி திறந்த பிறகு. காய்ந்த தடியில் உயிர் இருக்கிறதா என்று பார்க்க வன்னியில் எல்லோரும் செய்வது, நகத்தால் தோலைக் கீறிப் பார்ப்பதுதான். உள்ளே பச்சை தெரிந்தால் உயிர்; நான் கட்டுப் போட்ட இடத்தில் தெரிந்தது வைக்கோல் நிறம். எங்கள் வளவில் அணில் இருந்ததே இல்லை.

இவ்வளவையும் அடுக்கிய பிறகும், நினைவில் நிற்பது இவை அல்ல. 1999 பங்குனியில் ஒரு காலை. பள்ளிக்கு வெளிக்கிட்டு நிற்கிறேன். அம்மா ஒரு பேணி தண்ணீரைக் கட்டுப் போட்ட அந்தத் தடியின் அடியில் மெல்ல, வழியவிடாமல் ஊற்றுகிறார். தண்ணீர் இறங்கும்வரை குந்தியிருக்கிறார். பிறகு சுட்டுவிரலை மண்ணுக்குள், வேர் இருக்கும் ஆழம்வரை விட்டு, அப்படியே வைத்திருக்கிறார்.

"ஏதும் வருதோ அம்மா?" என்று கேட்கிறேன்.

"ஈரம் இருக்கு" என்கிறார்.

அவர் தளிரைத்தான் தேடுகிறார் என்று நினைத்துக்கொண்டு நான் பள்ளிக்கு ஓடினேன்.